இறால் தின்னச் சொன்னவர்கள்

அன்றைக்குச் சபீனா ராத்தாவின் கடையில் இருந்தவர்கள்: நான், அப்பா, மீனவர் சங்கத் தலைவர் சீனித்தம்பி மாமா, கொழும்பிலிருந்து வந்த ஒரு பெரிய உத்தியோகத்தர், அவருடைய கோப்புகளைச் சுமந்து வந்த ஒருவர், கமராவோடு ஒரு பொடியன். அடுப்படியில் ராத்தா.

இல்லாதவர்கள் இரண்டு பேர். அம்மா வரமாட்டேன் என்றுவிட்டார். தங்கச்சி வினோவைக் கடல் கொண்டுபோய் மூன்று நான்கு மாதம் ஆகியிருந்தது.

மேசையில் இரண்டு பிளேட். இரண்டிலும் வெள்ளை வெளேரென்று, விரலால் மடிப்பு வைத்த, ஆவி பறக்கிற டிம் சம். அப்பா நிவாரணத்தில் வந்த நீலச் சட்டை போட்டிருந்தார். கை நீளம் கூடிப் போய் விரல்களை மூடியது. அந்தக் கையால் அவர் ஒன்றை எடுத்துக் கமராவுக்கு முன்னால் தின்ன வேண்டும். அதற்காகத்தான் அவரைக் கூட்டி வந்திருந்தார்கள்.

நான் வாராவாரம் எழுதுகிற இந்தத் தொடரை வாசிக்கிற ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார்: "தம்பி, உங்களுக்கு ஏன் ஒவ்வொரு கிழமையும் இவ்வளவு கோபம்?"

இந்தக் கிழமை அதற்குப் பதில் சொல்லிப் பார்க்கிறேன். சொல்லி முடித்தால் கோபம் ஆறிவிடும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

சீனக் கொழுக்கட்டை

ராத்தாவின் கடை நாவற்குடாவிலிருந்து காத்தான்குடிப் பக்கம் போகிற வழியில், வீதி ஓரத்தில் இருந்தது. நாலு கம்பு, மேலே ஒரு தகரம், இரண்டு மேசை, காலாடுகிற கதிரைகள். அவ்வளவுதான் கடை.

அவர் குவைத்தில் ஒரு ஹோட்டலுக்குக் கோப்பை கழுவப் போனவர். அங்கே சமைத்த சீனக் கோக்கிக்குக் கை உளைவு வந்தபோது மாவு உருட்டிக் கொடுக்கத் தொடங்கினார். பிறகு மடிக்கப் பழகினார். பிறகு அந்த ஆளைவிட விரைவாக மடித்தார். ஊருக்குத் திரும்பி வந்து, சேர்த்த காசில் கடை போட்டார். மூங்கில் கூடைக்கு எங்கே போவது? இடியப்பச் சட்டியில் தண்ணீர் கொதிக்க, இடியப்பத் தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி அவிப்பார்.

பெயர்ப்பலகை எழுதிக் கொடுத்தது நான்.

"ராத்தா, கொழுக்கட்டை எண்டே எழுதலாமே" என்றேன்.

"கொழுக்கட்டை எண்டா அஞ்சு ரூவாவுக்கு மேல தரமாட்டானுகள் மனே. டிம் சம் எண்டு எழுது. பேர் விளங்காட்டித்தான் காசு குடுப்பானுகள்."

அப்படியும் அவர் மலிவாகத்தான் விற்றார். நிவாரணக் களஞ்சியத்தில் மூட்டை எண்ணுகிற வேலை எனக்கு அப்போது கிடைத்திருந்தது. மத்தியானம் வயிறு நிறைய வேண்டுமென்றால் ராத்தாவின் கடைதான். களஞ்சியத்துச் சாரதிகளும், பெரிய பெரிய ஜீப்புகளில் வந்த வெள்ளைக்காரர்களும் அங்கேதான் சாப்பிட்டார்கள். மாவு கொஞ்சம் தடிப்பு. உள்ளே என்ன இருக்கிறது என்று கடித்தால்தான் தெரியும். அதனால் ராத்தா பிளேட்டை வைக்கும்போதே, "இது கோழி, இது பூசணிக்காய்" என்று கூவிவிட்டுப் போவார். பக்கத்தில் சின்னக் கிண்ணத்தில் சோயா சோஸும் தேசிக்காய்ப் புளியும் இடித்த கொச்சிக்காயும். முதல் வாயிலேயே மூக்கிலிருந்து தண்ணீர் வரும். வெள்ளைக்காரர்கள் அழுதுகொண்டே இன்னொரு பிளேட் கேட்பார்கள்.

முன்பு அங்கே நன்றாக விலைப்பட்ட சாமான் இறால் வைத்ததுதான். மார்கழியில் கடல் ஊருக்குள் வந்த பிறகு அதை நிறுத்திவிட்டார்.

டின் மீன்

மார்கழிக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் எவரும் மீன் வாங்கவில்லை. கடல் அத்தனை பேரைக் கொண்டுபோயிருக்கிறது, மீன் அவர்களைத் தின்றிருக்கும், அந்த மீனை எப்படித் தின்பது என்றார்கள். ஒரு பாரை மீனின் வயிற்றில் மோதிரம் கிடந்ததாம். யார் கண்டது என்று கேட்டால் அடுத்த ஊரில் என்பார்கள். அடுத்த ஊரில் கேட்டால் எங்கள் ஊரைக் காட்டினார்கள்.

அப்பா கடலுக்குப் போகிறவர் அல்ல. வாவியில் தோணி தள்ளி வீச்சுவலை எறிகிறவர். வாவியை எங்கள் சனம் ஆறு என்றுதான் சொல்லும். ஆனால் அன்றைக்குக் கடல் முகத்துவாரத்தால் ஆற்றுக்குள்ளும் வந்ததல்லவா? ஆற்று மீனும் வேண்டாம் என்றுவிட்டார்கள். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற படுவான்கரைக்குக் கொண்டுபோனால் முன்பு மீனுக்கு நெல் மாற்றித் தருவார்கள். அங்கேயும் வாசலிலேயே தலையை ஆட்டித் திருப்பி அனுப்பினார்கள்.

எங்கள் வீட்டிலும் மீன் இல்லை. யாரும் யாருக்கும் சொல்லவில்லை. அம்மா சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார், அவ்வளவுதான்.

நிவாரணத்தில் என்ன வந்தது தெரியுமா? டின் மீன். பெட்டி பெட்டியாக டின் மீன். நானே எண்ணி இறக்கினேன். வாவிக் கரையில் தகரக் கொட்டில் போட்டுக்கொண்டு, மீன் துள்ளுகிற சத்தம் காதில் விழ விழ, நாங்கள் டின் வெட்டினோம்.

அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது. ஒரு டின்னை என்னிடம் நீட்டினார். "இது எந்தக் கடல் மீன் மனே?"

வாசித்தேன். பூமியின் மற்றப் பக்கத்தில் இருக்கிற ஒரு நாட்டின் பெயர் இருந்தது.

"அங்க கடல் ஆரையும் கொண்டு போகல்லியாமா?"

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகக் கண்டவன் நான் ஒருவன்தான். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தேன். டின்னில் இருந்த எழுத்தை வாசிக்கத் தெரிந்தது. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அப்பா டின்னை வாங்கி, வெட்டாமலே மூலையில் வைத்தார்.

ஆனாலும் விடிந்தால் தோணியைத் தள்ளிக்கொண்டு போய்விடுவார். வலை எறிவார். வந்ததை அப்படியே திருப்பி ஆற்றில் விட்டுவிடுவார். விற்கவா போகிறது, எதற்கு இந்தப் பாடு என்று நான் அம்மாவிடம் கேட்டேன்.

"மீனுக்கா போறாரு?" என்றார் அம்மா. "வலையில என்ன வருதெண்டு பாக்கப் போறாரு."

வினோவை நாங்கள் கண்டெடுக்கவில்லை. அதைப் போன கிழமையே எழுதியிருந்தேன். திரும்ப எழுதக் கை வரவில்லை.

"நாங்க குடுக்கல்ல"

ஒரு நாள் பின்னேரம் சீனித்தம்பி மாமா வந்தார். நல்ல மனிதர். வீட்டில் கஞ்சி காய்ச்சவும் வழியில்லாத நாற்பது ஐம்பது குடும்பங்களின் சாபத்தை, சங்கத் தலைவர் என்ற ஒரே குற்றத்துக்காகத் தினமும் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தவர்.

"தம்பிராசா, கொழும்பால ஒரு பெரிய ஆள் வாறாரு. மீன் திண்டா ஒண்டும் செய்யாதெண்டு சனத்துக்குக் காட்டப் போறாங்களாம். டீவியில வரும். அவரோட நீயும் இருந்து தின்ன வேணும்."

"நான் என்னத்துக்கு? நீ தின்னன்."

"நான் திண்டா ஆருடா பாப்பான்? என்ர வீட்டுல ஆரும் போகல்ல." மாமா நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "பிள்ளையக் குடுத்தவன் திண்டாத்தான் சனம் நம்பும் எண்டு அவங்க சொல்றாங்க."

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது: "குடுத்தவன் எண்டு சொல்லாதீங்க அண்ண. நாங்க குடுக்கல்ல."

மாமா அழுதுவிட்டார். அப்பா அழவில்லை. மூன்றாம் நாள், தோணிக்குப் போகும்போது, "சீனித்தம்பியிட்டச் சொல்லு. வாறன் எண்டு" என்றார்.

யோசித்துப் பாருங்கள். எங்கேயோ ஒரு குளிரூட்டிய அறையில், மேசையைச் சுற்றி இருந்து, தேநீர் குடித்துக்கொண்டு ஒருவர் சொல்லியிருக்கிறார்: பிள்ளை செத்த ஒரு ஆளைப் பிடியுங்கள், அதுதான் எடுபடும். மற்றவர்கள் நல்ல யோசனை என்று தலையாட்டியிருக்கிறார்கள்.

இடத்தையும் அவர்களே பார்த்தார்கள். கோப்புக்காரர் முதல் நாளே வந்து ஊரைச் சுற்றினார். மீன் கறியும் சோறும் வேண்டாமாம். தலையும் கண்ணும் தெரிந்தால் பார்க்கிறவர்களுக்கு ஒரு மாதிரி இருக்குமாம். ராத்தாவின் கடையில் வெள்ளைக்காரர்கள் சாப்பிடுவதைக் கண்டார். "இது நல்லம், பாக்க நீற்றா, துப்புரவா இருக்கு. உள்ள இறால வச்சிச் செய்யுங்க" என்றார்.

ஆற்று இறால் அப்பாதான் கொண்டுவந்து கொடுத்தார். அன்று காலையில் வலையில் வந்ததை அவர் திருப்பி விடவில்லை. மாதக்கணக்குக்குப் பிறகு அன்றைக்குத்தான் விடவில்லை.

அடுப்படியில்

பெரியவர் வருவதற்குக் கொஞ்ச நேரத்துக்கு முன் ராத்தா என்னைக் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்தார். முகமெல்லாம் ஆவி, வேர்வை.

"மனே, அந்தக் கோப்பு வச்சிருக்கிற மனிசன் வந்து என்ன சொல்லிட்டுப் போறான் தெரியுமா? சேருக்கு, அந்தப் பெரிய ஆளுக்கு, இறால் வைக்க வேணாமாம். சேர்ர பிளேட்டுக்குப் பூசணிக்காய வச்சி மடிக்கட்டாம். வெளிய பாத்தா ரெண்டும் ஒண்டுதானே எண்டு சிரிக்கிறான்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் காது சுட்டது.

"செய்யாதீங்க ராத்தா."

"செய்யாட்டி? கடைக்குப் பெமிட் இரிக்கா எண்டும் கேட்டுட்டுத்தான் போறான்."

ராத்தாவின் கடைக்குப் பெமிட் கிடையாது. அந்த வீதியில் எந்தக் கடைக்கும் கிடையாது. பெமிட் கொடுக்கிற கந்தோரின் கூரையையே அப்போதுதான் வேய்ந்துகொண்டிருந்தார்கள்.

அவர் இன்னொன்றும் சொன்னார், குரலைத் தாழ்த்தி: "ஒங்கட வாப்பாக்கும் பூசணிக்காய வச்சிருறன். ஆருக்கும் விளங்காது. அந்த மனிசன் பாவம்டா. கேட்டுட்டு வா."

ஓடிப்போய் அப்பாவின் காதில் சொன்னேன். பெரியவரின் பிளேட்டைப் பற்றிச் சொல்லவில்லை. அதைச் சொன்னால் அந்த இடத்திலேயே எழும்பிப் போய்விடுவார், சீனித்தம்பி மாமாவின் ஐம்பது குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது? "உங்களுக்கு இறால் இல்லாமச் செய்யலாமாம் அப்பா. ராத்தா கேட்கிறா" என்று மட்டும் சொன்னேன்.

அப்பா யோசிக்கவேயில்லை. "வேணாம். திண்டன் எண்டு சொல்லிப்போட்டுத் தின்னாம இருந்தா நாளைக்குச் சந்தையில மற்றவன்ர மூஞ்சிய எப்பிடிப் பாக்கிற? இறாலையே வைக்கச் சொல்லு."

வீட்டுக்காரன்

பெரியவர் வந்தார். வெள்ளைச் சட்டை, நல்ல வாசம். அப்பாவின் தோளில் கை போட்டுக்கொண்டு கமராவுக்குப் பேசினார். கொழும்புத் தமிழ். மக்கள் பயப்படத் தேவையில்லை, மீன் நல்ல உணவு, நானே சாப்பிடப் போகிறேன், பிள்ளையை இழந்த இந்தத் தகப்பனும் சாப்பிடப் போகிறார். 'பிள்ளையை இழந்த' என்கிற இடத்தில் குரலைக் கொஞ்சம் இறக்கினார். அப்படிப் பேச நன்றாகப் பழகியிருந்தார்.

"ஐயா, நீங்க முதல் எடுங்க" என்று அப்பாவிடம் சொன்னார்.

இங்கேதான் அவர்கள் எதிர்பாராதது நடந்தது. அப்பா எடுக்கவில்லை.

கடை ராத்தாவுடையது. கூட்டம் கொழும்புக்காரர்களுடையது. ஆனால் இறால் அப்பா பிடித்தது. தன் கையால் பிடித்ததை ஒருவர் சாப்பிட வந்திருக்கிறார் என்றால், அப்பாவின் கணக்கில் அவர் விருந்தாளி, தான் வீட்டுக்காரன். விருந்தாளி வாயில் வைக்குமுன் வீட்டுக்காரன் வைப்பது எங்கள் பக்கத்தில் இல்லை. தன்னை வேடிக்கை காட்ட இருத்தி வைத்திருக்கிறார்கள் என்று அந்த மனிதருக்குத் தோன்றவேயில்லை. நீலச் சட்டையின் கையை மடித்துவிட்டு, தன் பிளேட்டில் பெரியதாகப் பார்த்து ஒன்றை எடுத்து, பெரியவரின் பிளேட்டில் வைத்தார்.

"ஐயா தின்னுங்க. இண்டைக்கு விடியப் பிடிச்ச இறால்."

கமரா ஓடிக்கொண்டிருந்தது. பெரியவர் சிரித்தார். அப்பா வைத்ததைக் கரண்டியால் மெல்ல ஓரத்துக்குத் தள்ளினார். தன் பிளேட்டில் இருந்த வேறொன்றை எடுத்துக் கடித்தார். "அருமை! அருமை!" என்று பாதியைக் கமராவுக்கு உயர்த்திக் காட்டினார்.

பாதிக்குள் மஞ்சளாக இருந்தது.

கோப்புக்காரர் கண்டுவிட்டார். "நிப்பாட்டுங்க, நிப்பாட்டுங்க" என்று கமராப் பொடியனின் தோளைத் தட்டினார். அப்பாவும் கண்டார்.

"ஐயா, அது பூசணிக்காய்" என்றார் அப்பா. ஐயாவுக்குத் தவறான பிளேட் வந்துவிட்டது, ராத்தா பிழை விட்டுவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தார். அடுப்படிப் பக்கம் திரும்பினார். ராத்தா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அப்பா என்னைப் பார்த்தார். பிழையில்லை என்று நான் தலையை ஆட்டினேன். அப்போது அவருக்கு விளங்கியது.

பெரியவர் கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டு சமாதானமாகப் பேசினார். "ஒண்ணும் நினைக்காதீங்க. எனக்கு இப்ப ஒரு மாதிரியா இருக்கு, கடல் சாமான் சாப்பிட மனசு வருதில்ல. மக்களுக்குப் போய்ச் சேர வேண்டியது செய்திதானே? நீங்க சாப்பிடுங்க, அது போதும்."

"ஐயாட பிள்ளையள் ஆரும் போனதா?" என்று கேட்டார் அப்பா.

"ஐயோ, இல்ல இல்ல."

"சொந்தக்காரர்?"

"இல்ல."

"அப்ப ஐயாவுக்கு என்ன ஒரு மாதிரி?"

பெரியவர் கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைத்தார். கோப்புக்காரர்தான் பாய்ந்தார்: "என்ன கதைக்கிறீங்க? சேர் எவ்வளவு தூரம் வந்திருக்கார் தெரியுமா?"

"தூரம் வந்தா?" என்று நான் கத்தினேன். "தூரம் வந்தா என்ன? நாங்க கூப்பிட்டமா? அவர்ர வயித்துக்குப் பூசணிக்காய், எங்கட அப்பாட வயித்துக்கு..." சீனித்தம்பி மாமா என் வாயைப் பொத்தினார்.

அப்பா எழும்பிப் போவார் என்று நினைத்தேன். போகட்டும், போவதுதான் சரி என்று நினைத்தேன். அவர் எழும்பவில்லை. பிளேட்டைத் தன் பக்கம் இழுத்தார். கமராப் பொடியனைப் பார்த்து, "இத எடுக்கப்படாது தம்பி" என்றார். அந்தப் பொடியன் கமராவை நிலத்தில் வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டான். அங்கே வந்தவர்களில் அவன் ஒருவனுக்குத்தான் நான் இன்றைக்கும் ஏசுவதில்லை.

அப்பா தின்றார். ஒன்று. மென்று விழுங்கினார். இன்னொன்று. சோஸில் தோய்க்கவில்லை. கடித்த இடத்தில் இறால் சிவப்பாகத் தெரிந்தது. மூன்றாவதை எடுக்கும்போது நான் அவர் கையைப் பிடித்தேன். "போதும் அப்பா. ஆருக்குக் காட்டப் போறீங்க?"

"விடு மனே." குரலில் சூடில்லை. "ஊரெல்லாம் சொல்ற மாதிரி மீனும் இறாலும் திண்டது உண்மையெண்டா, அவ இதுக்குள்ள இரிக்கிறா. ஊரான் ஊரான்ர வயித்துக்கெல்லாம் போறதவிட என்ர வயித்துக்க வரட்டும்."

பெரியவரின் பிளேட்டின் ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்ததையும் அப்பா கை நீட்டி எடுத்தார். தின்றார்.

அதற்குப் பிறகு

செய்தி வந்தது. பத்திரிகையில் பெரியவர் வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு நீலச் சட்டைக் கை மட்டும் தெரிந்தது. அந்தப் படத்தைப் பார்த்து ஒரு சனமும் மீன் வாங்கவில்லை. மாதங்கள் போகப் போக, பசியும் பழக்கமும் சேர்ந்து சந்தையைத் தானாகத் திறந்தன. அதற்கான பாராட்டை வேறு யாரோ வாங்கிக்கொண்டார்கள்.

எங்களைக் கமராவுக்கு முன்னால் சாப்பிட வைப்பதில் இவர்களுக்கு அப்படி என்ன ஆசை என்று எனக்கு விளங்குவதில்லை. சில வருடங்கள் கழித்து, யுத்தம் முடிந்தது என்று அறிவித்த அந்த வைகாசியில், நான் வந்த பஸ்ஸை ஒரு சந்தியில் மறித்தார்கள். வெடி கொளுத்தினார்கள், கொடி கட்டியிருந்தார்கள், வாழையிலையில் பாற்சோறு நீட்டினார்கள். எனக்குப் பக்கத்து இருக்கையில் இருந்த பெண்ணின் மகன் சண்டை நடந்த வன்னியில் இருந்தான். இருந்தானா இல்லையா என்று அவருக்கே தெரியாது. "சாப்பிடுங்க, சாப்பிடுங்க, சந்தோசமான நாள்" என்றான் ஒருவன். இன்னொருவன் கமராவைத் தூக்கினான். அந்தப் பெண் வாங்கி வாயில் வைத்தார். பஸ் புறப்பட்ட பிறகும் விழுங்கவில்லை. கன்னத்துக்குள் வைத்துக்கொண்டே இருந்தார். செங்கலடி தாண்டித்தான் யன்னலால் துப்பினார்.

நான் என் பங்கை இலையோடு சுருட்டிக் காலடியில் போட்டு மிதித்தேன். சோற்றை மிதிக்கக் கூடாது என்று எனக்கும் தெரியும்.

அம்மா. அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாங்கள் வீட்டுக்குப் போனதும் அவர் அப்பாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. என்னிடம்தான் கேட்டார்: "திண்டாரா?"

"ஓம்."

அதற்குப் பிறகும் அப்பாவுக்குச் சோறு போட்டுக் கொடுத்தார். உடுப்புத் தோய்த்தார், காய்ச்சல் வந்தால் பக்கத்தில் இருந்தார். ஆனால் அவரோடு சேர்ந்து இருந்து சாப்பிடுவதை விட்டுவிட்டார். அப்பா சாப்பிட்டு எழும்பிய பிறகுதான் தன் சாப்பாட்டுக் கோப்பையை எடுப்பார். இதை எழுதுகிற இந்தக் கிழமையிலும் அப்படித்தான். இரண்டு பேரிடமும் நான் நியாயம் பேசிப் பார்த்திருக்கிறேன். இரண்டு பேரிடமும் நியாயம் இருக்கிறது. அந்த வெள்ளைச் சட்டைக்காரருக்கு இது தெரியாது. தெரிந்திருந்தாலும் இதற்குள் மறந்திருப்பார்.

கடைக்குத் திரும்புகிறேன். ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டது. தின்றதற்குக் காசு கொடுக்க வேண்டும் என்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அப்பா கை கழுவிவிட்டு வந்து மடியை அவிழ்த்தார். "எவ்வளவு புள்ள?"

"அல்லாவே, ஒங்கக்கிட்டயா காசி வாங்கப் போறன்? போங்க காக்கா" என்று அப்பாவை அண்ணனாக்கி ராத்தா அழுதார். "நான் செஞ்ச வேலைக்கு நீங்க என்னக் காறித் துப்பணும்."

"உன்னில பிழையில்ல. சொல்லு, எவ்வளவு?"

"இறால் ஒங்கட. மாவுக்கு என்ன கணக்கு?"

"நான் சும்மா திண்டிட்டுப் போக வரல்ல. அந்த ஆள்ர பிளேட்டையும் சேர்த்து எடு. எங்கட ஊருக்கு வந்த மனிசன்."

"அவன்ர பிளேட்டுக்கு நீங்க ஏன் அப்பா?" என்று நான் பல்லைக் கடித்தேன். அப்பா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ராத்தா வாய் திறந்து விலை சொல்லும்வரை மேசைக்கு முன்னால் அசையாமல் நின்றார்.

இறாலுக்கு அறுபது, பூசணிக்காய்க்கு முப்பது. தொண்ணூறு ரூபாய்.